அப்பா நேர்ந்துகொண்ட நடை

இளமதி ஓடும்போது வேணுகோபால் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. கோட்டை மைதானத்தில் அவள் வட்டத்தில் ஓடினால், இவர் வட்டத்துக்கு உள்பக்கமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடுவார். மகளுக்கு அறுநூறு மீட்டர் என்றால் அப்பாவுக்கு நானூறாவது இருக்கும். கையை வீசு, மூச்சை விடு, விடாதே விடாதே என்று கத்திக்கொண்டே ஓடி, கடைசியில் அவள் நின்று மூச்சு வாங்கும்போது இவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். மைதானத்துப் பிள்ளைகள் அவருக்கு ‘ரெண்டாவது டிராக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

பட்டு நெய்கிறவருக்குப் பகல் முழுக்கத் தறிக்குழிக்குள் கால். காலையில் இறங்கினால் இருட்டும் வரை ஏற மாட்டார்கள். அப்படி இருபத்தைந்து வருஷம் நெய்த மனிதர், மகள் ஏழாம் வகுப்புக்குப் போனதிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி ஆனால் தறியை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார். முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கிறது என்று ஆள் மேல் ஆள் வரும். வரட்டும். அவர் ஊறவைத்த கடலையும், அவித்த முட்டையும், தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் மைதானத்துக்குப் போய்விடுவார். தறிக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் அவள் நேரத்தை எழுதி வைத்திருந்தார். இரண்டு நிமிஷம் ஒன்பது. இரண்டு நிமிஷம் மூன்று. ஒன்று ஐம்பத்தெட்டு. நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளும்போதெல்லாம் கண் அந்தச் சுவருக்குப் போய்வரும்.

அந்தப் பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தார். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அவளை அடித்ததில்லை, திட்டினதில்லை, தோற்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இல்லை. பக்கத்துத் தறிக்காரர் தங்கவேலு ஒரு நாள் டீக்கடையிலிருந்து திரும்பும்போது வாசலில் நின்று, பெண் பிள்ளையை இப்படி ஓடவிட்டு என்ன காணப் போகிறாய் என்று கிண்டலாகக் கேட்டார். அதற்கு வேணுகோபால் சொன்ன பதில்தான் பிற்பாடு எல்லாவற்றுக்கும் வேராகிப்போனது.

“நாப்பத்தஞ்சு வயசு ஆவுது தங்கவேலு. இந்த ஊர்ல என்னை எவனும் பேர் சொல்லிக் கேட்டதில்ல. இப்ப ‘இளமதியோட அப்பா எங்க’ன்னு கேட்டுகினு வர்றாங்க. அவ ஓடுற வரைக்கும்தான் நான் ஒரு ஆளு.”

இளமதி உள்ளே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டை ஒரு நொடி நின்று மறுபடி சுற்றியது. பதிமூன்று வயதுப் பிள்ளை, ஒரு பெரிய மனிதரைத் தன் இரண்டு காலின் மேல் ஏற்றிவைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். இறக்கிவைக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில் அவளுக்குக் கால் வலி ஆரம்பித்தது. வலது காலில், முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, எலும்பின் மேல். ஓடும்போது முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும், நின்றதும் சுருக்கென்று திரும்பி வரும். விரலால் தொட்டால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் உயிர் போகும். அவள் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்ப்பதும், யாராவது வந்தால் பாவாடையை இழுத்துவிட்டுக்கொள்வதுமாக இருந்தாள்.

நொண்டுவதை வேணுகோபாலும் பார்த்தார். பார்க்காமல் இல்லை. ஓடுகிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும், வலித்தால்தான் கால் உரமேறுகிறது என்று கைபேசியில் எவனோ பேசின வீடியோவைக் கேட்டிருந்தார். சாப்பாடு ஆனதும் நல்லெண்ணெயைச் சுடவைத்து, அவள் காலை மடியில் தூக்கிவைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நீவிவிடுவார். அவ்வளவு பாசமாக நீவுவார். அவள் தாவணி முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள்.

அதைப் பார்த்தவள் சாவித்திரி. அவருடைய மனைவி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் தைக்கும்படி பேசுவாள்.

“தறியில ஒரு இழை அறுந்தா அடுத்த மிதி மிதிக்க மாட்டீங்க, நிறுத்திப் பாப்பீங்க. பொண்ணு ஒரு மாசமா நொண்டிகினு வர்றா, அது மட்டும் கண்ணுக்குத் தெரியலியா?”

வலிக்கிறதா என்று அவர் மகளைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றாள் மகள். பார்த்தாயா என்பதுபோல மனைவியைப் பார்த்தார். பேச்சு அதோடு முடிந்தது.

ஒரே ஒரு நாள் அவள் சொன்னாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் ஆற்று மணலில் ஓடவைக்க அழைத்துப் போயிருந்தார். மணலில் ஓடினால் தொடைக்கு வலு வரும் என்பது அவர் எண்ணம். பாலத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் கைபேசியில் நேரம் பார்க்கத் தயாரானபோது அவள் நகரவில்லை.

“அப்பா, இன்னிக்கி வேணாமே. கால் ஒரு மாதிரி இருக்குது.”

“ஒரு மாதிரின்னா? வலியா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அப்போது எப்படி இருந்தது என்று வேணுகோபாலுக்குத் தெரியாது. தன் முகம் தனக்குத் தெரியாதுதானே. அவள் கண்டது என்னவோ, உடனே தலையை ஆட்டினாள்.

“வலியில்லப்பா. சும்மா ஒரு மாதிரி.”

அப்படியானால் இரண்டு சுற்று மெதுவாக ஓடு என்றார். அவள் ஓடினாள். இரண்டாவது சுற்று மெதுவாக இல்லை.

குறுவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தாள். ஒரு நிமிஷம் ஐம்பத்துமூன்று. முடிவுக் கோட்டருகே வேணுகோபால் யார் யாரையோ கட்டிப்பிடித்தார். அவளுக்கு இரண்டு தப்படி பின்னால் வந்தது தேவிகாபுரத்துப் பெண் ஒருத்தி. பரிசு கொடுத்து முடிந்ததும் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை கலையரசி அவரைத் தனியே கூப்பிட்டு, செப்டம்பரில் மாவட்டப் போட்டி இருக்கிறது, அதற்குள் ஒரு மாதம் இவளை ஓடவிடாதீர்கள், வேலூருக்குப் போய்க் காலைப் படம் எடுத்துப் பாருங்கள் என்றார். வேணுகோபால் சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர் என்று தலையாட்டினார். ஆனால் டீச்சரும் தேவிகாபுரத்திலிருந்துதான் பஸ்ஸில் வருகிறவர். இரண்டாவதாக வந்ததும் தேவிகாபுரம். சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு திரும்பும் வழியில் அந்த இரண்டையும் அவர் மனசு முடிச்சுப் போட்டுவிட்டது. நல்ல மனிதர்தான். ஆசை வந்தால் நல்ல மனிதருக்கும் கண் இப்படித்தான் போகிறது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார். ஓட்டம் தொடங்குகிற கோட்டில் அவள் நின்றபோது, இவர் படவேட்டு ரேணுகாம்பாளை நினைத்து ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். பிள்ளை முதலாவதாக வந்தால், ஆடி முடிவதற்குள் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் நடந்தே வருவாள் என்று. வீட்டிலிருந்து சந்தவாசல் போய், அங்கிருந்து மலையடிவாரத்துக்குத் திரும்பி, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல்.

சாவித்திரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நேந்துகினது நீங்க. நடக்கிறது அவளா?”

“ஜெயிச்சது அவ கால்டி. ஜெயிச்ச கால்தான் போய் சொல்லிட்டு வரணும்.”

அவள் விடவில்லை. ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, தாயே அடுத்த ஆடிக்கு வருகிறோம் என்று தவணை கேட்டுக்கொள்ளலாம். எல்லா வீட்டிலும் செய்வதுதான் என்றாள். வேணுகோபாலுக்கும் அது தெரியும். வேறொரு வருஷமாக இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் செப்டம்பரில் மாவட்டப் போட்டி. அம்மனுக்குக் கொடுத்த வாக்கைப் பாக்கி வைத்துக்கொண்டு அந்தக் கோட்டில் போய் எப்படி நிற்பது? பிள்ளை கால் இடறினால்? இதைக் கேட்டதும் சாவித்திரிக்கும் பயம் வந்துவிட்டது. சாமி விஷயத்தில் பிடிவாதம் பிடித்து நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் பழி தன் தலையில் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த மூடின வாய்க்காக அவள் பின்னாளில் அழுதது கொஞ்சமல்ல.

இளமதியை யாரும் கேட்கவில்லை. அவள் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆடி கடைசி வெள்ளி. விடிவதற்கு முன்னாலேயே மூன்று பேரும் கிளம்பினார்கள். வழியெல்லாம் மஞ்சள் சேலைக் கூட்டம். அங்கங்கே பந்தல் போட்டு மோரும் கூழும் ஊற்றினார்கள். வெயில் ஏறுகிற வரைக்கும் இளமதி முன்னால்தான் நடந்தாள். அகலமான ரோட்டுக்கு வந்ததும் தார் சுட ஆரம்பித்தது. நடக்கிறவர்கள் எல்லாரும் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் ஒருவர் பின்னால் ஒருவராகப் போனார்கள். பெயின்ட் அடித்த இடம் அவ்வளவு சுடாது. அவளும் அதன்மேல் நடந்தாள். வலது காலை மட்டும் கோட்டுக்கு வெளியே, விளிம்பு மண்ணில், பக்கவாட்டாக வைத்து வைத்து எடுத்தாள். கொப்புளம் போட்டிருக்கும் என்று நினைத்தார் வேணுகோபால்.

சந்தவாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அவள் உதடு வெளுத்திருந்தது. முடியுமா என்று கேட்டார். முடியும்ப்பா என்றாள். அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவளிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது. பாவம், அந்தப் பதிலையும் அவர்தான் அவளுக்குப் பழக்கியிருந்தார்.

அங்கிருந்து இன்னும் நெடுந்தூரம். மலை பக்கத்தில் வந்து, கோபுரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபிறகு, ஒரு சிறு பாலத்தின் மேட்டிலிருந்து கீழே இறங்கும்போது அவள் வலது காலை ஊன்றினாள். உடனே அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அலறவில்லை. காற்றை உள்ளே இழுத்தவள் அதை வெளியே விட முடியாமல் வாயைத் திறந்தபடி இருந்தாள். ஒரு சத்தம் கேட்டதாக வேணுகோபால் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. கேட்டது.

சுளுக்கு என்று அவராகவே சொல்லிக்கொண்டார். கால் ஊதிக்கொண்டு வந்தது. புளியமரத்தடியில் நின்றிருந்த ஆட்டோக்காரர் ஓடிவந்து, ஏத்துங்க, ஜல்தியா ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றார். வேணுகோபால் ஆட்டோவைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். கூப்பிடு தூரம். பத்து நிமிஷம். இவ்வளவு தூரம் வந்து வாசலில் குறை வைத்துவிட்டுத் திரும்புவதா?

அவளை இரண்டு கையிலும் வாரித் தூக்கிக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தார்.

“அப்பா, இறக்கிவிட்ருப்பா. நான் இங்கியே உக்காந்துக்கறேன்.”

“தோ வந்துச்சும்மா. கண்ண மூடிக்கோ. தோ வந்துச்சு.”

சாவித்திரி ஒரு முறை ஆட்டோவைக் காட்டிக் கத்தினாள். பிறகு ஓடிவந்து, தொங்கின அந்தப் பாதத்தை ஆடாமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். ஆடி வெள்ளிக் கூட்டம் விலகி வழிவிட்டது. மஞ்சள் சேலையில் சின்னப் பெண்ணை அப்பன் தூக்கி வருவதைப் பார்த்தவர்களுக்கு அது பக்தியாகத்தான் தெரிந்தது. யாரோ ஒரு வயசான அம்மாள் கண்ணில் நீர் முட்ட வந்து, இளமதியின் வீங்கின காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் அந்தப் பிள்ளை அலறினாள்.

அந்த அலறலில் வேணுகோபாலுக்கு எல்லாம் கலைந்துபோனது. சந்நிதி வரை போனாரா, கற்பூரம் பார்த்தாரா, ஒன்றும் நினைவில்லை. திரும்பி ஓடினது மட்டும் நினைவிருக்கிறது.

வேலூரில் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துக் காட்டினார். சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். இது இன்றைக்கு உடைந்தது மட்டுமில்லை. ஒரு மயிரிழை விரிசல் வெகுநாளாக இருந்திருக்கிறது, ஓய்வு கொடுத்திருந்தால் தானாகவே கூடியிருக்கும், அதன்மேலேயே ஓடி ஓடி, இன்றைக்கு நடந்து, முழுசாகப் போய்விட்டது என்றார். பிறகு இளமதியின் பக்கம் திரும்பினார்.

“எத்தனை நாளா வலி இருக்கும்மா?”

“ஜூன்லேர்ந்து சார்.”

“வீட்ல சொல்லலியா?”

வேணுகோபால் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். ஆற்று மணல், பாலத்தடி, ‘இன்னிக்கி வேணாமே’ என்ற குரல், எல்லாம் அவருக்கு முன்னால் வந்து நின்றன. இதோ சொல்லப் போகிறாள். சொல்லட்டும். சொன்னால் தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிடலாம் என்று இருந்தது.

“இல்ல சார். நான்தான் யார்கிட்டியும் சொல்லல. அப்பாக்குத் தெரியாது.”

சாவித்திரி கணவனைப் பார்த்தாள். டாக்டர், இப்படியெல்லாம் மறைக்கக் கூடாதும்மா என்று பிள்ளையைக் கண்டித்தார். அவள் சரிங்க சார் என்று தலையசைத்தாள். வேணுகோபால் அந்தப் பொய்யை அப்படியே நிற்கவிட்டார். கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு நடந்ததைக்கூட ஒரு நாள் அவர் தன்னை மன்னித்துக்கொள்ளலாம். இதை மன்னிக்க அவருக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

அறுவை செய்து தகடு வைத்தார்கள். மூன்று மாதம் கட்டு. செப்டம்பரில் மாவட்டப் போட்டி வந்தது, போனது. தேவிகாபுரத்துப் பெண் மூன்றாவதாக வந்தாள் என்று கலையரசி டீச்சர் போன் செய்தார். சூப்பர் டீச்சர், அவளுக்கு நான் சொன்னேன்னு சொல்லுங்க என்று இளமதி சிரித்துக்கொண்டே பேசினாள். போனை வைத்தபிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்சநேரம் முகத்தில் இருந்தது. இவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று வேணுகோபாலுக்குப் புரியவில்லை. ஓட்டத்தை அவள் வேறு எதற்காகவோ நேசித்திருக்கிறாள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் லேசாக உறைத்தது.

அவர் செய்யாத பணிவிடை இல்லை. குளிக்க வெந்நீர் வைத்தார், முதுகில் சுமந்து பள்ளிக்கூட வாசல் வரை விட்டார், பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டார். அவளும் அப்பா என்றால் அப்பா என்றுதான் இருந்தாள். கோபமில்லை, முறைப்பில்லை. வலிக்குதாம்மா என்று கேட்டால் இல்லப்பா. தூக்கம் வந்துச்சா என்றால் வந்துச்சுப்பா. பசிக்குதா என்றால் இல்லப்பா. ஒவ்வொரு பதிலும் வழவழவென்று இருந்தது. எது நிஜம், எது தனக்காகச் சொல்வது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நூலைத் தொட்டுப் பார்த்தே எந்த இடத்தில் மெலிந்திருக்கிறது என்று சொல்கிற விரல். பிள்ளையின் பேச்சில் மட்டும் அந்த விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

போகிக்கு வெள்ளையடித்தார்கள். பென்சில் எழுத்து இருந்த சுவருக்கு வந்ததும் சாவித்திரி மட்டையை வைத்துக்கொண்டு நின்றாள். வேணுகோபால் அவள் கையிலிருந்து வாங்கி, தானே ஒரு இழுப்பு இழுத்தார். ஒன்று ஐம்பத்துமூன்று மட்டும் ஈரச் சுண்ணாம்புக்குள்ளிருந்து மங்கலாகத் தெரிந்தது. இரண்டாவது முறை இழுத்தார்.

தை மாதம் கலையரசி டீச்சர் வீட்டுக்கு வந்தார். டாக்டர் சரியென்றால் மெல்ல மெல்ல நடை, அப்புறம் ஓட்டம் என்று ஆரம்பிக்கலாமே என்று இளமதியைக் கேட்டார். வேணுகோபாலுக்கு ஓடு என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். நாடாவைக் கையில் பிடித்தபடி குழிக்குள் அசையாமல் இருந்தார்.

“படிப்பு இருக்குது டீச்சர். நான் ஓடலை” என்றாள் இளமதி.

டீச்சரை வாசல் வரை கொண்டுவிடப் போனார். தேவிகாபுரத்தை வைத்து அவர்மேல் தப்பாக நினைத்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவர்போல நின்று சொன்னார்.

“ஒரு தடவகூட அவ உங்களப் பாக்காம ஓடினதில்ல சார். ஒவ்வொரு வளைவுலயும் திரும்பிப் பாப்பா.”

அது அவருக்கும் தெரியும். அந்தப் பார்வைக்காகத்தானே அவர் கூடவே ஓடினார். அப்பா வருகிறாரா என்று ஆசையாகப் பார்க்கிறாள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். போதும் நிறுத்து என்று இந்த மனுஷன் இப்போதாவது சொல்வாரா என்று பார்த்திருக்கிறாள். டீச்சர் தெரு முனை திரும்பி வெகுநேரம் ஆகியும் வாசலிலேயே நின்றார்.

மறுபடி ஜூன் வந்தது. ஒன்பதாம் வகுப்பு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இளமதி வீட்டுக்கு வர ஆறு மணி தாண்டியது. பாவாடை ஓரத்தில் செம்மண். வேணுகோபால் கேட்கவில்லை. ஐந்து மணிக்கு எழுந்திருக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. எழுந்துவிடுவார், போக இடமில்லாமல் வாசலுக்கும் தறிக்கும் நடந்துவிட்டு மறுபடி குழிக்குள் இறங்குவார். ஒரு நாள் சாவித்திரிக்கே பொறுக்கவில்லை.

“பள்ளிக்கூடத்துல கோ கோ ஆடுறா. சும்மா, பொண்ணுங்களோட. டாக்டர் ஆடலாம்னாரு, நான்தான் கூட்டிகினு போய்க் கேட்டேன்.”

அவர் தலை நிமிர்ந்தது. கண்ணில் பழைய வெளிச்சம் வந்ததை அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததும், மிச்சத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஆயிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்களுக்குச் சொல்ல வேணாம்னா. அப்பா வந்தா நான் ஆடமாட்டேன்மான்னு அழுதா. கோவிச்சிக்காதீங்க.”

கோபம் எங்கிருந்து வரும். சரி என்றார். நன்றாக ஆடுகிறாளா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றாள் சாவித்திரி. அப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. இளமதிக்கு அவர் அறிந்தது தெரியாது. அல்லது தெரிந்தும் தெரியாததுபோல இருந்தாள். பள்ளிக்கூட மைதானத்துப் பக்கம் போகாமலிருக்க, நூல் வாங்கப் போனால்கூட அவர் சுற்றுவழியில் போனார்.

ஒரு புதன்கிழமை அவள் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். வலது காலை வைத்த விதம் வேறாக இருந்தது. மற்ற யாருக்கும் தெரிந்திருக்காது. பையை மாட்டப் போனவளிடம் வேணுகோபால் கேட்டுவிட்டார்.

“கால் வலிக்குதாம்மா?”

“இல்லப்பா.”

அதே பதில். அவள் கண் அவருடைய முகத்தைப் படிக்கத் தொடங்கியதை அவர் பார்த்தார். அதே பார்வை. மைதானத்தின் ஒவ்வொரு வளைவிலும் திரும்பின பார்வை. அவர் சட்டென்று குனிந்து, அறுந்த இழை எதையோ தேடுகிறவர்போலத் தறியைப் பார்த்துக்கொண்டார். தன் முகத்தை அவளுக்குக் காட்டாமல் பேச வேண்டும் என்று இருந்தது.

“என்கிட்ட சொல்ல வேணாம்மா” என்றார். “நான் கேக்கறதுக்கு லாயக்கு இல்ல. கோவில் வழியில அன்னிக்கி நீ இறக்கிவிடுன்னு சொன்ன. ஆத்துல சொன்ன. ரெண்டு தடவ சொன்ன, நான் கேக்கல. டாக்டர்கிட்ட நீ எனக்காகப் பொய் சொன்னப்ப வாய மூடிகினு நின்னேன்.” கனைத்துக்கொண்டார். “வலிச்சா அம்மாகிட்ட சொல்லு. டீச்சர்கிட்ட சொல்லு. எனக்குத் தெரியவே வேணாம். யார்கிட்டயாவது சொல்லிடு, அது போதும்.”

அவள் கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள். அவள் நிழல் தறியின் பாவு நூல் மேல் விழுந்திருந்தது. அப்பா என்று கூப்பிடுவாள் என்று அவர் காத்திருந்தார். நிழல் நகர்ந்தது. உள்ளே போய்விட்டாள்.

தறியை ஓட்டலாம் என்று காலைத் தூக்கினார். உள்ளே அடுப்பங்கரையில் பேச்சுக் குரல் கேட்டது. மழையும் ஓட்டின்மேல் சத்தம் போட்டது. மிதித்தால் அந்தக் குரல் கேட்காது. தூக்கின காலை மெல்லக் குழிக்குள் தொங்கவிட்டு, கையைத் தறிப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அம்மா.”

“இன்னாடி?”

“கொஞ்சம் வலிக்குதும்மா. அந்த எடம் இல்ல. அதுக்குக் கீழ.”

“எங்க காட்டு. நாளைக்கி ஆடாத. ஒரு வாரம் ஆடாத, என்ன?”

“சரிம்மா.”

அதன் பிறகு அவர்கள் வேறு என்னவோ பேசினார்கள். இளமதி எதற்கோ சிரித்தாள். கோ கோவில் எவளோ வழுக்கி விழுந்த கதை போலிருக்கிறது. முழுசாகக் காதில் விழவில்லை. எழுந்து உள்ளே போனால் கேட்கலாம். போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். வேணுகோபால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழுந்தால்கூடச் சத்தம் வரும் என்று, அதையும் போடவில்லை.